தெரியலைக்காரர்

‘இல்லை’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது. அடக்கமோ தாராள மனசோ காரணமில்லை. அந்தச் சொல்லைச் சொல்லும் தகுதி தனக்கு வரவில்லை என்று நினைத்தார், அவ்வளவுதான். "சம்சாரம் ஊட்டுல இருக்காங்களா?" என்று யாராவது கேட்டால், "காலைல நான் கெளம்பறப்ப இருந்தாங்க. இப்பத் தெரியலைங்க" என்பார். அருவங்காடு பஸ் நிறுத்தத்துக்கு மூச்சிரைக்க ஓடி வந்து, "ஊட்டி பஸ் போயிருச்சுங்களா?" என்று கேட்கிறவர்களுக்கும் அதே கதைதான். "நான் வந்து பத்து நிமிசமாச்சுங்க. இந்தப் பத்து நிமிசத்துல போகலை. அதுக்கு முன்னால தெரியலைங்க." கேட்டவன் முறைத்துவிட்டு வேறு ஆளைத் தேடுவான்.

எங்கள் அறையில் வேலை பார்த்த பெண்கள் அவருக்குத் தெரியலைக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் அது தெரியும். கோபித்துக்கொண்டதில்லை. நான் மட்டும் அண்ணா என்று கூப்பிடுவேன். அவர் என்னை அம்முணி என்பார்.

என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவரைப் புரியாது. எழுபதுகளின் தொடக்கம். ஊட்டியில் பெர்ன்ஹில் பக்கம் ஒரு பழைய பங்களாவில் ஆராய்ச்சிக்கூடம் ஒன்று இருந்தது. வானத்திலிருந்து ஓயாமல் விழுந்துகொண்டிருக்கும் கதிர்களைப் பிடித்துப் படம் எடுக்கும் இடம். பள்ளிக்கூடத்தில் எலக்ட்ரான், புரோட்டான், நியூட்ரான் என்று மூன்றோடு பாடத்தை முடித்து அனுப்பிவிட்டார்கள். இங்கே வந்த பிறகுதான் அந்தக் குடும்பம் எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. பையான், மியூவான், கேயான் என்று வரிசையாக வந்தன. இரண்டாம் வாரம் நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். கண் ஒரு முறை இமைப்பதற்குள் நூறு கோடி முறை பிறந்து சாகக்கூடியவை அவற்றில் உண்டு என்றார் எங்கள் சார். அவர்தான் அங்கே தலைமை விஞ்ஞானி. சரிங்க சார் என்றேன். வேறு என்ன சொல்ல?

அந்தத் துகள்களை யாரும் பார்க்க முடியாது. ஆனால் ஆவி நிறைந்த கண்ணாடிப் பெட்டி ஒன்றுக்குள் அவை நுழைந்து போனால், போன வழியில் மெல்லிய பனிக்கோடு விழும். அதைக் கேமரா பிடித்துக்கொள்ளும். அப்படி வந்த பிலிம் சுருள்களை இருட்டு அறையில் வெள்ளை மேஜை மேல் ஒளிவிழச் செய்து, ஒவ்வொரு படமாகப் பார்த்துக் குறிப்பதுதான் எங்கள் வேலை. காலை ஒன்பதுக்கு இருட்டுக்குள் போனால் சாயந்திரம் நாலரைக்கு வெளியே வருவோம். வெளியே வந்தால் பனிமூட்டம் நிற்கும். கண்ணுக்கு வெளிச்சமே கிடைக்காத உத்தியோகம் என்று அம்மா புலம்புவாள்.

கோடுகளில் சாருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. எங்கிருந்து வந்தது என்று தெரியாமல், வெறும் இடத்தில் ஒரு புள்ளியிலிருந்து இரண்டு கோடு பிரிந்து போகும். ஆங்கில எழுத்து வி மாதிரி. மின்சாரம் இல்லாத துகள் கோடு போடாது. அது உடைந்து இரண்டாகும்போதுதான் அதன் பிள்ளைகள் கோடு போடும். இதற்குப் பெரிய பெயர்கள் எல்லாம் இருந்தன. தெரியலைக்காரர் முதல் நாளே அதைப் பார்த்துவிட்டு, "இது கவட்டைங்க" என்று ஒரு கணம் சொல்லிப் பார்த்து, உடனே தன்னைத் திருத்திக்கொண்டு, "கவட்டை மாதிரித் தெரியுதுங்க" என்றார். உண்டிவில்லுக்கு வெட்டும் கிளை. அன்றிலிருந்து எங்கள் அறையில் அது கவட்டைதான். பம்பாயிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர் முன்னால் சார்கூட வாய் தவறி கவட்டை என்று சொல்லிவிட்டார்.

அண்ணா அதற்கு முன் ஜெகதளாவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தவர். காய்ந்த தூளுக்குள் கிடக்கும் காம்பைப் பொறுக்கும் வேலையிலிருந்து மேஸ்திரி வரை வந்தவர். கறுப்புக்குள் கறுப்பைப் பார்க்கும் கண் அது. ஒரு சுருளில் நாங்கள் ஒரு கவட்டை கண்டுபிடித்தால் அவர் இரண்டு காட்டுவார். படத்தின் மூலையில், அழுக்கு என்று நாங்கள் தள்ளிவிட்ட இடத்தில் விரலை வைப்பார். எனக்கு அவரைவிடப் பன்னிரண்டு வயது குறைவு. ஆனால் பி.எஸ்ஸி. படித்தவள் என்பதால் அறைப் பொறுப்பு என்னிடம். அவர் பார்த்த சுருளை மறுபடி நான் பார்க்க வேண்டும். பார்த்து, அவருடைய தாளின் கீழே ‘ச.பா.’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சரிபார்த்தது என்று அர்த்தம். இந்த இரண்டு எழுத்தை வாசிக்கிறவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் சேர்ந்த முதல் மாதமே தாளில் தகராறு. ஒன்றும் அகப்படாத படத்துக்கு நேரே ‘இல்லை’ என்று குறிக்கக் கட்டம் இருந்தது. அவர் அந்தத் தலைப்பை அடித்துவிட்டு ‘தெரியலை’ என்று எழுதியிருந்தார். ஒவ்வொரு தாளிலும். நான் சாரிடம் கொண்டுபோனேன். சார் அவரைக் கூப்பிட்டார்.

"ஏங்க, இல்லைன்னா இல்லைன்னு எழுத வேண்டியதுதானே?"

"இல்லைன்னு சொல்றதுக்கு நான் யாருங்க சார்? எனக்குத் தெரியலை. அதைத்தானுங்க எழுத முடியும்."

சார் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "இவர் சொல்றதுதான் சரி. அப்படியே விட்டுடுங்க" என்றார் என்னிடம். அதன்பிறகு தெரியலை என்பது ‘தெ.’ என்று சுருங்கியது. அவர் தெ. போடுவார். நான் மாத இறுதிக் கணக்கில் அதைப் பூஜ்யமாக மாற்றிக்கொள்வேன். தெ. என்றால் இல்லை. எங்கள் அகராதி அப்படி ஆனது.

எல்லாரும் அவரை ரசித்தார்கள். எனக்கு மட்டும் உள்ளூரக் கொஞ்சம் பயம் இருந்தது. காரணம் அவர் பஸ்ஸில் சொன்ன ஒரு விஷயம். நான் குன்னூரில் ஏறுவேன், அவர் அருவங்காட்டில் ஏறுவார், பாதி நாள் பக்கத்துப் பக்கத்து சீட். அவருடைய மனைவியின் தம்பியும் அதே தொழிற்சாலையில்தான் வேலை பார்த்திருக்கிறான். ஒரு தூள் மூட்டை காணாமல் போனது. அந்த நேரத்தில் பின்வாசலில் மச்சானுக்காகக் காத்துக்கொண்டு நின்றவர் இவர். விசாரணையில் மேனேஜர் கேட்டிருக்கிறார்: மச்சான் மூட்டையோடு வந்தானா? நான் பார்க்கலைங்க என்றிருக்கிறார் இவர். அப்ப வரலைன்னு எழுதிக்கட்டுமா? அறையில் இருந்த எல்லாரும், மேனேஜர் உட்பட, அவர் தலையாட்டிவிடுவார் என்று காத்திருந்தார்கள். இவர் சொன்னது: "நடுவுல ரெண்டு தடவை ரோட்டுப் பக்கம் திரும்பிட்டனுங்க. வந்தானா வரலையான்னு தெரியலைங்க."

பையனுக்கு வேலை போயிற்று. திருப்பூருக்குப் போய்விட்டான். அக்காவுக்குக் கடிதம்கூடப் போடுவதில்லை. அந்த அம்மா ஒரு வருஷம் இவரிடம் சோறு போடட்டுமா என்பதைத் தவிர வேறு பேசவில்லை.

"உங்க மச்சான் எடுத்திருக்க மாட்டார்னு உங்களுக்குத் தெரியாதாண்ணா?" என்று கேட்டேன்.

"மாட்டான்னு நம்பறனுங்க அம்முணி. நம்பறது வேற, பாக்கறது வேறீங்க."

சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கேத்திப் பள்ளத்தாக்கு முழுக்க மேகம். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோய்விடும் என்று அன்று நினைத்தேன். இப்படி ஒரு மனிதரோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்றும் நினைத்தேன். அதே மனிதர் குறித்த தாளை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன்.

கண்ணை மூடிக்கொண்டு என்பதை வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை. அவருடைய தாளை மறுபடி சரிபார்ப்பது வீண்வேலை என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது. மூன்று வருஷத்தில் அவர் விட்டது ஒன்றை நான் பிடித்தது கிடையாது. மற்றப் பெண்களின் சுருள்கள் குவிந்து கிடந்தன. அதனால் அவருடைய சுருளை மேஜையில் ஏற்றாமலே தாளின் கீழே ச.பா. போட்டேன். முதலில் ஒன்று. பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

அந்த வருஷம் மழைக்காலம் நீண்டது. அவர் தாளில் கவட்டைகள் குறைந்தன. தெ., தெ., தெ. என்று பக்கம் முழுக்க. "லைட்டு மங்கலா இருக்குதுங்க அம்முணி" என்றார். பல்பை மாற்றச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி சொன்னார். மறுபடி மாற்றினோம். ஒரு நாள் டீ குடிக்கும்போது, கண்ணாடித் தம்ளரை மேஜை ஓரத்துக்கு வெளியே வைத்தார். விழுந்து உடைந்தது. பெண்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். இன்னொரு நாள் நான் இருந்த பஸ் அருவங்காட்டுக்குள் நுழைந்தபோது, எங்களுக்கு முன்னால் போன தேயிலை லாரிக்குக் கை காட்டி நிறுத்திக்கொண்டிருந்தார். டிரைவர் என்னவோ திட்டினான். ஏறி உட்கார்ந்ததும், "மிஸ்ட்டுங்க, ஒண்ணும் தெரியலை" என்றார். அன்று மிஸ்ட் கொஞ்சம்தான் இருந்தது. எனக்கு அது உறைக்கவில்லை. தெரியலை என்றால் அவர் அகராதியில் என்ன என்று எனக்குத்தான் தெரியுமே.

ஒரு மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துவைத்துக்கொண்டு சொன்னார்: "அம்முணி, கொஞ்ச நாளா எனக்கு ஒண்ணுமே தெரியலைங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "படம் அப்படிண்ணா. எங்களுக்கும் ஒண்ணும் சிக்கலை" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார்.

எண்ணிக்கை விழுந்ததைச் சாரும் கவனித்தார். அவருடைய தாள்தானே எங்கள் கணக்கின் முதுகெலும்பு. அது குறைந்தால் மொத்தமும் குறையும். பெட்டியில் கோளாறு என்று முடிவு செய்தார். ஆவிப்பெட்டியைப் பிரித்தார்கள். ரப்பர் மாற்றினார்கள், ஆவியை மாற்றினார்கள், கேமராவைக் கழற்றித் துடைத்தார்கள். மூன்று வாரம் வேலை நின்றது. பெட்டியிலிருந்து எடுத்த கனமான ஈயப் பலகைகளைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் அண்ணாவும் ஒருவர். நிலைப்படியில் இடித்துக்கொண்டார். கதவை எப்போது நகர்த்தினார்கள் என்று கேட்டார்.

பெட்டியில் ஒரு குறையும் இல்லை. பூட்டி ஓட்டினால் அதே கணக்கு. அதன் பிறகுதான் சார், பழைய சுருள்களை எல்லாம் இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள் என்று என்னிடம் சொன்னார். நான் இருட்டு அறையில் உட்கார்ந்து அண்ணாவின் சுருள் ஒன்றை ஏற்றினேன். நாற்பதாவது படத்தில் இடது ஓரத்தில் ஒரு கவட்டை. சந்தேகத்துக்கு இடமே இல்லாத கவட்டை. தாளைப் பார்த்தேன். தெ. என்று இருந்தது. கீழே ச.பா., என் கையெழுத்து.

அடுத்த சுருளில் வலது மூலையில் ஒன்று. அதற்கடுத்ததில் மேலே ஒன்று, கீழே ஒன்று. அப்போதுதான் அந்தத் தாள்களை முதல்முறையாக முழுக்கப் படித்தேன். கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. நாங்கள் யாரும் அதை நிரப்புவதில்லை. அவர் தன் பொடி எழுத்தில் நிரப்பியிருந்தார். ‘இடது ஓரம் தெரியலை.’ நாலு சுருள் தள்ளி, ‘ரெண்டு ஓரமும் தெரியலை.’ பிறகு, ‘ஓரம் எதுவும் தெரியலை.’ கடைசித் தாளில், ‘நடுவில் மட்டும், தம்ளர் வாய் அளவுக்குத் தெரியுது.’ ஒவ்வொன்றுக்கும் கீழே என் ச.பா. இருந்தது.

தாள்களை எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன். அவர் படித்தார். அண்ணாவைக் கூப்பிடச் சொன்னார். அண்ணா வந்து நின்றார். சார் எழுந்து போய், அவருடைய முகத்துக்குப் பக்கவாட்டில் ஒரு விரலை நீட்டினார்.

"இது என்ன?"

"எதுங்க சார்?"

விரலை மெதுவாக முன்னால் கொண்டுவந்தார். மூக்குக்கு நேரே வந்த பிறகுதான், "வெரலுங்க" என்றார். சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அணுவுக்குள்ளே என்ன இருக்கிறது என்று தேடுகிற மூளை அது. அதற்கும் அப்போது செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

கோயம்புத்தூர் கண்ணாஸ்பத்திரிக்கு அவரோடும் அவர் மனைவியோடும் நானும் போனேன். கண்ணுக்குள்ளே நீரின் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிட்டது என்றார் டாக்டர். வலிக்காது, ஓரத்திலிருந்து ஆரம்பிக்கும், ஆளுக்கே தெரியாது. போனது திரும்பாது. "ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா நிறையக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார். அண்ணா, "இப்ப இருக்கறது நிக்குங்களா?" என்று கேட்டார். "சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டர். அண்ணா அந்தப் பதிலை மரியாதையோடு வாங்கிக்கொண்டார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மனைவி மருந்து வாங்கப் போயிருந்தார். என்னால் தாங்க முடியாமல் கேட்டேன்: "உங்களுக்குச் சந்தேகமே வரலையாண்ணா? ஏன் முன்னாடியே டாக்டர்கிட்ட வரலை?"

"வந்துதுங்க. லைட்டா, படமா, என் கண்ணான்னு தெரியலைங்க. அதான் குறிப்புல எழுதுனேன். நீங்களும் பாத்துட்டுச் சரின்னு கையெழுத்துப் போட்டிருந்தீங்க. அப்ப உங்களுக்கும் அந்த ஓரம் தெரியலை, கோளாறு படத்துலதான்னு நெனச்சனுங்க."

வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, தன் கண்ணை விட்டுவிட்டு இன்னொருத்தர் எழுத்தை நம்பியிருக்கிறார். அந்த எழுத்து என்னுடையது. பார்க்காமலே போட்டேன் என்று அங்கே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறும்வரை பஸ்ஸில் தூங்குகிற மாதிரி நடித்தேன்.

வேலையை விட்டுவிட்டு அவர் ஜெகதளாவிலேயே இருந்துவிட்டார். சொட்டு மருந்து பலிக்கவில்லை. இரண்டு வருஷத்தில் அந்தத் தம்ளர் வாயும் மூடிப்போயிற்று. அதற்குள் எனக்குக் கல்யாணமாகி ஈரோட்டுக்குக் குடிபோகும் ஏற்பாடு நடந்தது. போவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நாற்காலி போட்டு, தேயிலைச் செடிகள் இருந்த திசைக்கு முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். என் செருப்புச் சத்தம் கேட்டு, "வாங்க அம்முணி" என்றார்.

மனைவி டீ போட்டுக்கொண்டு வந்து கதவோரம் நின்றார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். சொல்லாமல் ஈரோட்டுக்குப் போனால் சோறு இறங்காது என்று தோன்றியது.

"அண்ணா, அந்தச் சுருளெல்லாம் நான் பார்க்கவே இல்லை. பார்க்காமதான் ச.பா. போட்டேன்."

அவர் கேட்டார்: "எத்தனை சுருளுங்க?"

"பதினொண்ணு."

"பொறவு பாத்தீங்களா?"

"பார்த்தேன். பதினாலு கவட்டை இருந்துது."

"எல்லாம் ஓரத்துலீங்களா?"

"முதல்ல ஓரத்துல. கடைசிச் சுருள்ல நடுவுக்குப் பக்கத்துலயும்."

அவர் விரலை மடக்கி எதையோ கணக்குப் பார்த்தார். எந்தச் சுருள், எந்த மாதம், அப்போது எவ்வளவு மிச்சம் இருந்தது என்று பார்த்திருப்பார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குரலை உயர்த்தாமல், தாளில் ஒரு பிழையைத் திருத்துகிறவர் குரலில் சொன்னார்:

"பாக்கலைன்னு எழுதியிருக்கலாமுங்க அம்முணி."

எனக்குக் கண்ணீர் கொட்டியது. சத்தம் வராமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். கதவோரம் நின்ற அந்த அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அசையவில்லை. அண்ணா முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"அழுவறீங்களா?"

"இல்லைண்ணா" என்றேன்.